மரச்சீனிக் கிழங்கும் தைராய்டும்: ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

கேள்வி, ஜூன் 3 (குழித்துறை வாசகர்)

"எங்கள் வீட்டில் அம்மா, மனைவி, மகள் மூவருக்கும் தைராய்டு. மார்த்தாண்டம் முதல் நெய்யாற்றின்கரை வரை, தமிழக-கேரள எல்லைக்கு இப்புறமும் அப்புறமும், காலையில் அந்தச் சிறு மாத்திரையை விழுங்குகிற ஒருவராவது இல்லாத வீடு அரிது. இதற்கெல்லாம் மரச்சீனிக் கிழங்குதான் (மரவள்ளி) காரணம் என்று ஒரு காணொளி அடித்துச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தின்கிற கிழங்கை விட்டுவிட வேண்டுமா? விட்டால் மாத்திரையையும் விட்டுவிடலாமா?"

ஜூன் 3, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். கிழங்கைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் அந்தப் பதில் மாறாது.

கிழங்கைப் பற்றிய கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது, ஏனெனில் காணொளி சொல்வது முழுப் பொய் அல்ல. எங்கோ மெய்யாக நடந்த ஒன்றை நம் ஊருக்குக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். மேலே பேசுவதற்கு முன், மூவருக்கும் இருப்பது சுரப்புக் குறைவா, சுரப்பு மிகுதியா, கழலையா (சுரப்பி வீங்கிக் கழுத்து புடைப்பது), கட்டியா என்பது தெரிய வேண்டும். பரிசோதனைத் தாளில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். மார்த்தாண்டத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதே மாத்திரையை விழுங்குகிறவளும்கூட. மருத்துவர் அல்ல.

ஜூன் 4

தாள் வரும்வரை கிழங்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மரச்சீனியின் இலை, தோல், கிழங்கு மூன்றிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதோ நசுக்கும்போதோ திசுக்கள் உடைந்து, உள்ளேயே இருக்கும் ஒரு நொதி லினமாரினுடன் கலக்க, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. உடலுக்குள் சிறிதளவாகச் செல்லும் சயனைடைக் கல்லீரல் சும்மா விடுவதில்லை. புரதத்திலிருந்து கிடைக்கும் கந்தகத்தை அதனுடன் சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. உயிருக்கு ஆபத்தில்லாத இந்தத் தயோசயனேட்டுதான் தைராய்டுக்கு இடைஞ்சல் தருகிறது. தைராய்டு செல்களுக்குள் அயோடின் நுழைய ஒரு வாசல் உண்டு. அயோடினும் தயோசயனேட்டும் அந்த ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. அயோடின் தாராளமாக இருந்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும். பற்றாக்குறையாக இருந்தால் தயோசயனேட் வாசலை மறித்துவிடும், சுரப்பி பட்டினி கிடந்து வீங்கும்.

ஆகவே கிழங்கு தனியாக நின்று இந்தத் தீங்கைச் செய்ய முடியாது. அயோடின் குறைவாக இருக்க வேண்டும், கிழங்கு சரியாகப் பக்குவப்படாமல் இருக்க வேண்டும், நாள்தோறும் அதுவே பிரதான உணவாக இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே தட்டில் கூடிய இடங்கள் உலகில் உண்டு. அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

ஜூன் 4, மாலை

அருமனை நண்பர், "மரச்சீனி இலை தின்ற ஆடு செத்தே போயிற்று, நீங்கள் அயோடின் கதை பேசுகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். ஆடு செத்தது உண்மையாகத்தான் இருக்கும். அது தைராய்டு அல்ல, நேரடிச் சயனைடு நஞ்சு. ஒரே வேளையில் பெருமளவு உள்ளே போனதால் கல்லீரலுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மருந்து செய்வதும் நான் மேலே சொன்ன அதே வேலைதான்: சயனைடுக்குக் கந்தகம் கொடுத்துத் தயோசயனேட்டாக்கி வெளியேற்றுகிறது. ஆட்டை ஒரு மணி நேரத்துக்குள் கொல்லும் அளவும், மனிதரின் கழுத்தை வருடக்கணக்கில் வீங்கவைக்கும் அளவும் ஒரே பாதையின் இரண்டு கோடிகள்.

ஜூன் 6

காங்கோவின் கிழக்கு எல்லையில், கிவு ஏரிக்குள் இட்ஜ்வி என்று ஒரு தீவு இருக்கிறது. தீவு முழுவதும் அயோடின் ஒரேபோலக் குறைவுதான். ஆனாலும் வடக்கே முன்கழுத்துக் கழலை மிகுதியாகவும், தென்மேற்கே வெகு குறைவாகவும் இருந்தது. அயோடினை மட்டும் வைத்து இதை விளக்க முடியாமல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் உணவைக் கவனித்தபோது, வடக்கில் மரச்சீனிதான் முக்கிய உணவு என்பதும், அங்குள்ளோரின் சிறுநீரில் தயோசயனேட் அதிகம் என்பதும் புலப்பட்டன. காணொளிக்காரர் எடுத்தாண்டிருப்பது ஏறத்தாழ இந்த ஆய்வைத்தான். தீவின் பெயரைச் சொல்லாமல் விட்டதுதான் அவருடைய சாமர்த்தியம்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் மரச்சீனியை மக்களிடையே பரப்பியவர் என்பது பலருக்கும் தெரியும். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இந்தச் சீமையைப் பட்டினியிலிருந்து காத்ததும் அதுவே. இன்று குமரி மாவட்டத்துத் தாலுகாக்களான கல்குளமும் விளவங்கோடும் அன்று திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அடுப்படியில் ஒன்றும் மாறவில்லை.

நம் வீடுகளில் அதை எப்படிச் சமைக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மெல்லிய தவிட்டு நிறத் தோலுடன், அதற்கடியில் இளஞ்சிவப்பாக இருக்கும் தடித்த தோலையும் கத்தியால் நெம்பி உரித்து எடுக்கிறோம். நஞ்சு அதிகம் இருப்பது அந்தத் தோலில்தான். சிறு துண்டுகளாக நறுக்கி, மூழ்கி நிற்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, கசப்புள்ள கிழங்கென்றால் மறுபடி தண்ணீர் ஊற்றி வேகவைக்கிறோம். கொதிக்கும் நீரில் நொதி செயலிழந்துவிடுவதால் லினமாரின் முழுவதும் சிதைவதில்லை. அது நீரில் கரைந்து வெளியேற வேண்டும். ஆகவே கொதிக்க வைப்பதைக் காட்டிலும் அந்தத் தண்ணீரைக் கொட்டுவதே முக்கியம். பிறகு தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு மசித்து, பக்கத்தில் சாளை மீன்குழம்பை வைக்கிறோம். அந்த மீனில் அயோடின் இருக்கிறது, செலினியம் இருக்கிறது, சயனைடை மாற்றத் தேவையான கந்தகம் கொண்ட புரதமும் இருக்கிறது. இந்தச் சேர்க்கையை எந்த வேதியியலாளரும் உட்கார்ந்து வகுத்துத் தரவில்லை, ருசிக்காக அமைந்தது.

ஜூன் 6, பின்னிரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது ஒரு நெருடல். இப்போது மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. மீன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற வீடுகளில் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள உப்பு மிளகாய்தான். அப்படிப்பட்ட வீட்டில் உப்பும் அயோடின் சேர்க்காத கல்லுப்பாக இருந்தால், நான் வரைந்த நல்ல படம் அவ்வளவு நல்லதாக இருக்காது. ஓரிரு மாதத்தில் கழலை வந்துவிடாது; ஆனால் "மீனும் கிழங்கும்" என்று எல்லோர் தட்டையும் நினைத்து எழுதுவது வசதியுள்ளவர் கணக்கு.

ஜூன் 7

தாள் வந்துவிட்டது. மனைவிக்கு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 14, தைராய்டு பெராக்சிடேஸ் எதிர்ப்பொருள் (சொந்தத் தைராய்டுக்கு எதிராக உடல் உண்டாக்குவது) மிக அதிகம். அம்மாவுக்கும் எதிர்ப்பொருள் உண்டு. மகளுக்கு அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை.

இது இட்ஜ்வி தீவின் நோய் அல்ல. இது ஹாஷிமோட்டோ நோய். ஹக்காரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் 1912-இல், நான்கு பெண்களிடமிருந்து அகற்றப்பட்ட தைராய்டுகளில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடப்பதைக் கண்டு எழுதினார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் சொந்தச் சுரப்பியையே பகையென்று நினைத்து மெல்ல மெல்ல அழிப்பதுதான் இது என்பது பின்னால் தெரிந்தது. குடும்பங்களில் தொடரும், ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வரும். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் நாடுகளில் தைராய்டு சுரப்புக் குறைவுக்கு இதுவே முதற்காரணம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் எட்டு நகரங்களில் பரிசோதிக்கப்பட்ட பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குச் சுரப்புக் குறைவு இருந்தது. அந்த நகரங்களில் டெல்லியும் அகமதாபாத்தும் உண்டு. அங்கெல்லாம் கிழங்கும் மீனுமா காலை உணவு?

"சுரப்பு குறைவு என்கிறீர்கள், எண்ணோ அதிகமாக இருக்கிறதே" என்று பரிசோதனை நிலையத்தில் என்னிடம் கேட்காதவர் குறைவு. டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரியில் சுரந்து, தைராய்டை வேலை செய்யத் தூண்டுகிறது. அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறவர் பதில் வராவிட்டால் குரலை உயர்த்துவது போல, தைராய்டு சுரக்கும் தைராக்சின் இரத்தத்தில் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டுகிறது. பெரும்பாலான நிலையங்களில் இயல்பளவு 0.4 முதல் 4 வரை என்று அச்சிட்டிருப்பார்கள். பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற இன்னொரு மேலதிகாரியும் உண்டு. தைராக்சின் போதுமான அளவுக்கு வந்ததும் மேலே உள்ள இருவரும் அடங்கிவிடுகிறார்கள். பிட்யூட்டரியே பழுதானால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அது அரிது, ஆனால் அதைக் கண்டுபிடிக்க டி.எஸ்.எச். மட்டும் போதாது, தைராக்சின் அளவையும் பார்க்க வேண்டும்.

ஜூன் 9

மாத்திரை தின்றும் எண் இறங்கவில்லை என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். கிழங்கின்மேல் பழியைப் போடுவதற்கு முன், மாத்திரையை எப்படி விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள்.

இரத்தம் எடுக்க உட்கார்ந்தவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "மாத்திரையை எதனுடன் சாப்பிட்டீர்கள்?" என்பது. பலருடைய பதில், "கட்டன் சாயாவோடு." காப்பியோடு, சத்துமாவுக் கஞ்சியோடு, பழம்பொரியோடு என்றும் கேட்டிருக்கிறேன். அந்த மாத்திரையில் இருப்பதும் தைராக்சின்தான்; அது வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போக வேண்டும். அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் உள்ளே போகக் கூடாது. அதைவிட மோசமான கூட்டாளிகள் கால்சியமும் இரும்பும். கர்ப்பிணிகளும் மூட்டு வலிக்காரர்களும் எல்லா மாத்திரைகளையும் ஒரே கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். குடலிலேயே கால்சியம் தைராக்சினைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரம் வேண்டும். வயிற்றெரிச்சலுக்குத் தினமும் தின்னும் மாத்திரையும் உறிஞ்சுதலைக் குறைக்கக்கூடும். முடி உதிர்கிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினைத் தின்கிறவர்களுக்கு வேறு வகைக் குழப்பம்: அது உடலில் ஒன்றும் செய்யாமல், சோதனைக் குழாயில் எண்ணைப் பொய்யாக்கிவிடும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாளாகும். ஆகவே ஒரு நாள் மறந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. அதேபோல், அளவை மாற்றிப் பத்து நாளில் மறுபடி பரிசோதிப்பது காசுக்குக் கேடு. ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். பரிசோதனை நாளில் இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையை விழுங்குவது நல்லது, ஏனெனில் விழுங்கிய சில மணி நேரத்துக்குத் தைராக்சின் அளவு சற்றுத் தூக்கிக் காட்டும்.

ஜூன் 9, மதியம்

"அப்படியானால் சாயாவை முதலில் குடித்துவிட்டு மாத்திரையைப் பிறகு விழுங்கலாமா?" என்று கேட்டிருக்கும் களியக்காவிளை அண்ணாச்சிக்கு: கூடாது. ஆனால் இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது விழுங்கலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. காலைச் சாயாவுக்கும் உங்களுக்கும் இடையில் யாரும் வர வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜூன் 11

பாறசாலை நண்பர் கணையத்தைக் கொண்டுவந்து நடுவில் போட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா சிறுவயதிலிருந்தே வயிற்று வலியால் துடித்து, இருபது வயதில் சர்க்கரை நோயும் வந்து, எலும்பும் தோலுமாகக் காலமானாராம். எக்ஸ்ரேயில் கணையத்தில் கற்கள் தெரிந்தன என்றும், மரச்சீனியே காரணம் என்று மருத்துவர் சொன்னார் என்றும் எழுதுகிறார். மரச்சீனிமேல் சுமத்தப்பட்ட இரண்டாவது வழக்கு இது. முதல் வழக்கைவிடப் புகழ்பெற்றதும் நமக்கு நெருக்கமானதும்கூட.

கணையம் இரட்டை வேலைக்காரச் சுரப்பி. அதன் பெரும்பகுதி, செரிமான நொதிகளை ஒரு குழாய் வழியே குடலுக்கு அனுப்புகிறது. இடையிடையே 1869-இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் கண்ட சிறுசிறு திட்டுகள், குழாய் எதுவுமின்றி இன்சுலினையும் குளுக்ககானையும் நேரே இரத்தத்தில் விடுகின்றன. பெரியப்பாவுக்கு வந்த நோயில் முதலில் குழாயில் கல் விழுகிறது, சுற்றியுள்ள திசு நார்நாராகிறது. அந்த அழிவில் திட்டுகளும் மாட்டிக்கொள்வதால் சர்க்கரை நோய் வருகிறது. இன்சுலினோடு அதற்கு எதிர்வேலை செய்யும் குளுக்ககானும் குறைந்துவிடுவதால், இன்சுலின் தேவைப்படும் நிலையிலும் கீட்டோன் மயக்கம் (இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகி வருவது) இவர்களுக்கு எளிதில் வருவதில்லை. அதே காரணத்தால் இன்சுலின் சற்றுக் கூடினாலும் சர்க்கரை சட்டென்று சரிந்துவிடும்.

1950-களின் இறுதியில் சூய்டெமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவில் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். கேரளத்தில் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் 1960-களில் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்து, இந்த நோயை உலக மருத்துவத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஏழைகள், மெலிந்தவர்கள், மரச்சீனி தின்பவர்கள் என்ற மூன்றும் ஒன்றாகக் காணப்பட்டதால், சயனைடு கணையத்தைக் கெடுக்கிறது என்ற கருத்து 1979-இல் ஆய்விதழ் வரை போயிற்று. 1985-இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு சார்ந்த சர்க்கரை நோய் என்ற தலைப்பின்கீழ் இதைத் தனி வகையாகவே வைத்தது. பிறகு கருத்து ஆட்டம் கண்டது. மரச்சீனி தின்னாத பகுதிகளிலும் நன்றாகச் சாப்பிடும் குடும்பங்களிலும் அதே நோய் காணப்பட்டது. மரச்சீனியே உணவாக இருந்த ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் அவ்வளவாகக் காணப்படவில்லை. 2000-க்குப் பின், கணையத்துக்குள் டிரிப்சின் என்ற செரிமான நொதி முன்கூட்டியே விழித்துவிடாமல் தடுக்கும் ஸ்பிங்க் 1 என்ற மரபணுவின் மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் இருப்பது இந்திய ஆய்வுகளில் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1999-இல், உலக சுகாதார நிறுவனமும் அந்தப் பழைய தலைப்பைக் கைவிட்டு, கணைய நோய்களின் வரிசைக்கு இதை மாற்றிவிட்டது.

பெரியப்பாவிடம் மருத்துவர் சொன்னது அக்காலத்துக்குச் சரியான மருத்துவம். இன்று அதே பேச்சைக் காணொளியில் புதுச் செய்தியாகச் சொல்வதுதான் எரிச்சலூட்டுகிறது. வறுமைக்கும் மெலிவுக்கும் இந்த நோயில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெலிவு பாதி நோயின் விளைவு என்பதையும் மறக்கக் கூடாது, ஏனெனில் நொதி இல்லாமல் கொழுப்பு செரிக்காது, எண்ணெய் மிதக்கும் மலமாகவே போய்விடும். வீட்டில் யாருக்காவது இப்போது அப்படி இருந்தால் வெறும் சர்க்கரை மாத்திரையோடு நில்லாமல், வயிற்று ஸ்கேன் எடுத்து, உணவோடு விழுங்கும் நொதிக் கேப்சூல் தேவையா என்று கேட்க வேண்டும்.

ஜூன் 14

நம் கடற்கரையிலுள்ள மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி இவ்வளவு நாள் யாரும் கேட்காமலிருந்ததே அதிசயம். தாது மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது. ஆகவே தைராய்டுப் புற்றுநோய் வருகிறது என்பது வாதம்.

தைராய்டுக்குக் கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்பது மெய். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கு அப்படி வந்தது. அங்கே காற்றிலும் பாலிலும் கலந்தது கதிரியக்க அயோடின். அயோடின் எந்த வடிவில் வந்தாலும் தைராய்டு அதை வாரி எடுத்துத் தனக்குள் சேர்த்துக்கொள்வதால் அடி நேரே அதற்கு விழுந்தது. தோரியத்தைத் தைராய்டு அப்படித் தேடி எடுப்பதில்லை. இதே மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் வெகுகாலம் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடவில்லை.

ஆனால் திருவனந்தபுரம் பக்கத்துப் பெண்களிடம் தைராய்டுப் புற்றுநோய்ப் பதிவு நாட்டின் பல பகுதிகளைவிட அதிகம் என்பதும் மெய்தான். அதற்கு ஒரு விளக்கத்தைத் தென்கொரியா தந்திருக்கிறது. அங்கே கழுத்து ஸ்கேன் பரவலானபின் 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டுப் புற்றுநோய்ப் பதிவு 15 மடங்கானது. அதனால் இறந்தவர்களின் விகிதம் அசையவேயில்லை. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாமல் கிடக்கும் சிறு கட்டிகள் அவை. மருத்துவ வசதி நெருங்கியிருக்கும் நம் பகுதியிலும் அதற்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன். கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டி, குரல் மாற்றம், விழுங்கத் தடை ஆகியவை வேறு. அவற்றுக்கு உடனே போக வேண்டும். "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஜூன் 15

என் மைனிக்கு (அண்ணிக்கு) அப்படி எடுத்த ஸ்கேனில்தான் கட்டி தெரிந்து தைராய்டு முழுவதையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கடுங்காப்பி டம்ளரைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் உள்ளங்கைப் பக்கமாகக் குவிந்து இறுகிவிட்டன. டம்ளரை மேசைமேல் வைக்க விரலை விரிக்க முடியவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்றார். தைராய்டின் முதுகில் நெல்மணி, பருப்பு அளவில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டுகள் நான்கு. இரத்தக் கால்சியத்தைக் காப்பது அவற்றின் வேலை. அறுவையில் அவை அடிபட்டாலோ தைராய்டோடு சேர்ந்து போய்விட்டாலோ கால்சியம் சரிந்து இப்படி இழுக்கும். கால்சியம் ஏற்றிய பிறகு விரல்கள் தாமாக விரிந்தன. இப்போது காலையில் தைராக்சின், மதியம் கால்சியம்; ஒன்பதாம் தேதிக் குறிப்பில் சொன்ன நான்கு மணி நேரக் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் மறப்பதில்லை.

அறுவைக்கு முன் இந்த ஆபத்தை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஜூன் 18

உப்பைப் பற்றிய கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு அயோடின் 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கு 250 வரை. நம் நாட்டில் பயனாளர் கைக்கு வரும் உப்பில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கி மருத்துவ ஆராய்ச்சியாளர் ராமலிங்கசுவாமியும் குழுவினரும் உப்பில் அயோடின் சேர்த்துக் கழலையைக் குறைத்துக் காட்டிய சோதனைதான் இந்தத் திட்டத்துக்கெல்லாம் அடிப்படை. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைக் கருவாடு போட வைத்துக்கொள்ளுங்கள். குழம்புக்கு அயோடின் உப்பு. இந்துப்பில் "இயற்கை அயோடின்" போதுமான அளவு இருக்கிறது என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். அதற்காக அயோடின் மாத்திரையோ கடற்பாசிப் பொடியோ வாங்கித் தின்பதும் வேண்டாம். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அளவுமீறிய அயோடின் சுரப்பை இன்னும் அடக்கிவிடும்.

குழித்துறை வாசகர் இன்று இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: மகள் கர்ப்பம். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், ஐயா. முதல் மூன்று மாதம் சிசு தன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்குக் கர்ப்பத்தில் தேவை 25 முதல் 50 விழுக்காடு வரை கூடும். அடுத்த மாதாந்திரப் பரிசோதனைவரை காத்திராமல் இந்த வாரமே டி.எஸ்.எச். பார்க்கட்டும். குழந்தை பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் பிறவித் தைராய்டுக் குறைவைப் பார்க்க முடியும். பிரசவம் எல்லைக்கு எந்தப் பக்கம் நடந்தாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜூன் 21

மூட்டு வலிக்கு எல்லை தாண்டிப் போய் ஒரு பொடி வாங்கி வருடக்கணக்கில் தின்றுவரும் ஒருவர், தமக்குப் புதிதாகத் தைராக்சின் எழுதியிருக்கிறார்கள், பொடியை நிறுத்திவிட்டு அதைத் தொடங்கலாமா என்று கேட்கிறார். முகம் உருண்டையாகிவிட்டது, தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கன்றுகிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது என்றும் எழுதுகிறார். அருமனை நண்பர், "இன்றே தூக்கி எறியுங்கள்" என்று அவருக்குப் பதில் போட்டிருக்கிறார். அந்தப் பதிலை ஏற்க வேண்டாம்.

இந்த அடையாளங்கள் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதற்கானவை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், ஏழாம் தேதிக் குறிப்பில் சொன்ன அதே கணக்குப்படி பிட்யூட்டரி அடங்கிவிடும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையின்றிச் சுருங்கிவிடும். திடீரென நிறுத்தினால், உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரக்க யாருமில்லை. வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம், உயிராபத்து. அந்த நிலையில் தைராக்சினையும் புதிதாகத் தொடங்கினால், அது மிச்சமிருக்கும் கார்டிசாலை இன்னும் வேகமாகச் செலவழித்து ஆபத்தை நெருங்கவைக்கும். அதனால்தான் இரண்டும் குறைந்தவர்களுக்கு முதலில் கார்டிசாலையும் பிறகே தைராக்சினையும் கொடுக்கிறார்கள். 1914 கிறிஸ்துமஸ் நாளில் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டல்தான், பின்னாளில் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசோனையும் பிரித்து, அது மூட்டு வலிக்கு மருந்தானபோது 1950-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பொடிக்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பொடியை எறியாமல் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் போங்கள். எத்தனை ஆண்டாகத் தின்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலை எட்டு மணி அளவில் கார்டிசால் பரிசோதிப்பார்கள். வேண்டுமானால் அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், படிப்படியாக இறக்குவார்கள். தைராக்சின் எழுதிய மருத்துவருக்குப் பொடியைப் பற்றித் தெரியுமா என்பதை இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வழியில் வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வாக்கியமாகவே ஸ்டீராய்டு தின்றுவந்ததைச் சொல்லுங்கள்.